மீட்டர் இருநூற்று முப்பது காட்டியது

நான் கைவைத்த இன்வெர்ட்டர் எதுவும் இரண்டாம் முறை கடைக்கு வந்ததில்லை. முப்பத்தோரு வருடமாக இந்த வேலை. எலி கடித்து வந்திருக்கலாம். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றாமல் காயவிட்டுத் தூக்கிக்கொண்டு வந்திருப்பார்கள். நான் பார்த்த பழுதே மறுபடி வந்தது என்று ஒருவரும் சொன்னதில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர் ஐயா.

கடையிலிருந்து உங்களுக்கு எழுதிக் கொடுத்த தாளை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். 'வெளியே வரும் அலை சரியில்லை, வயதான மெக்கானிக்கின் கவனக்குறைவு' என்று இருக்கிறது. எனக்கு ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிப்பில்லை. கையெழுத்துப் போடுவேன், பஸ்ஸில் எழுதியிருப்பதை வாசிப்பேன். ஆனால் கவனக்குறைவு என்றால் என்னவென்று தெரியும். அது பொய். அந்த இன்வெர்ட்டர் பெட்டியைப்போல் கவனமாக நான் வேறு எதையும் செய்ததில்லை. அதைச் சொல்லத்தான் நானாக வந்தேன். நாற்காலி போட்டீர்கள், தண்ணீர் கொடுத்தீர்கள். தண்ணீரைக் குடிக்கவில்லை என்று தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஊற்றுவதைப் பார்க்காத தண்ணீரை நான் குடிப்பதில்லை, அது பழக்கம்.

வேலையைச் சொன்னால்தான் மற்றது புரியும். பேட்டரியிலிருந்து வருகிற கரண்ட் நேர்கோடு. வீட்டுக்கு வேண்டியது ஏறி இறங்குகிற கரண்ட். அந்த நேர்கோட்டை அலையாக்கிக் கொடுப்பதுதான் இன்வெர்ட்டர். ஒழுங்காகக் கொடுக்கிறதா என்று பார்க்க எல்லோரும் மீட்டரைச் செருகுவார்கள். இருநூற்று முப்பது வோல்ட் காட்டினால் திருப்தி, எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். மீட்டர் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். அந்த எண் எப்படி வந்தது என்று சொல்லாது. நான் மீட்டரை நம்பமாட்டேன். ஸ்கோப்பில்தான் பார்ப்பேன். ஆசிலாஸ்கோப் என்று முழுப்பெயர், திரையில் அலையைப் படமாகப் போட்டுக் காட்டும். நேராக மாட்டினால் ஸ்கோப் பொசுங்கிவிடும். நடுவில் ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர் வைத்து மாட்ட வேண்டும். அதற்கப்புறம் அது பொய் சொல்லாது. நல்ல அலை வளைவாக ஏறி வளைவாக இறங்கும். மட்டமான அலை பெட்டி பெட்டியாக நிற்கும். அதைவிட மட்டமானது ஊசி மாதிரி.

மூடிப்போன ஏதோ ஒரு தொழிற்சாலையில் கடை முதலாளி அந்த ஸ்கோப்பை வாங்கி வந்தபோது, சுற்றிலும் இருந்த ஆங்கில எழுத்தைப் பார்த்து ஒருவரும் பக்கத்தில் போகவில்லை. என் அண்ணன்தான் ஒரு விடுமுறை நாளில் கடைக்கு வந்து உட்கார்ந்தார். அவர் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் நடத்தியவர். புண்ணுக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு திருகுக்கும் கீழே ஒட்டித் தமிழில் எழுதினார். உயரம். அகலம். நிறுத்து. மேலே. கீழே. பிறகு ஒன்று சொன்னார்.

"டேய், உயரம் வேற, உழைப்பு வேற. அலையோட உச்சி சரியா இருக்கும், உடம்பு இருக்காது. மலிவு மீட்டரெல்லாம் உச்சிய மட்டும் தொட்டுப் பாத்துட்டு மிச்சத்த ஊகிச்சுக்கும். ஊசி மாதிரி அலைய வச்சே அத ஏமாத்தலாம்."

அதைத்தான் நான் செய்தேன். ஆக, எனக்குத் தெரியாமல் நடந்தது என்று யாரும் எழுத வேண்டாம்.

அண்ணனின் மனைவி இறந்து, அவருடைய நுரையீரலும் சுருங்கிப் போனபோது நான்தான் வீட்டுக்கு வரச்சொன்னேன். அதையும் எழுதுங்கள். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. வீட்டில் ஒரு படுக்கையறை, ஒரு கூடம், சமையலறை, நடுவில் ஒரு ஒடுக்கமான நடை. படுக்கையறையை அவருக்குக் கொடுத்தோம். என் வீட்டுக்காரி கூடத்தில் படுத்தாள். நான் நடையில், இன்வெர்ட்டருக்கும் பேட்டரிக்கும் பக்கத்தில். ஆக்சிஜன் மெஷின் பழையது, இன்னொருவர் வைத்திருந்தது. காற்றை உள்ளே இழுத்து, வடிகட்டி, மூக்குக்குக் குழாயில் அனுப்பும். அதற்குள் ஒரு மோட்டார் இருக்கிறது. கரண்ட் முழுசாக நின்றால் மட்டும் மெஷின் கத்தும். வேறு எதற்கும் கத்தத் தெரியாது. எங்கள் தெருவில் தினமும் மதியம் ஒரு மணிக்குக் கரண்ட் போய் மூன்று மணிக்கு வரும். அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் அவருக்கென்று ஒரு இன்வெர்ட்டர் கட்டினேன். அலை தண்ணீர்போல் இருந்தது. அவர் படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மலிவு மீட்டரையும் செருகி வைத்தேன். அவருக்கு எண்ணைப் பார்த்தால் நிம்மதி.

ஒன்றரை வருடம் தாங்கினால் அதிகம் என்று டாக்டர் சொன்னார். மூன்றரை வருடம் ஆனது. நான் குறை சொல்லவில்லை. காலையில் எழுந்து பேட்டரிக்குத் தண்ணீர், மெஷினுக்கு வடிகட்டி கழுவுதல், அவரைத் தூக்கிக் கழிவறைக்கு, பிறகு கடை, பிறகு மறுபடி அதே. எனக்கு அறுபத்தெட்டு. தூக்குகிறவனுக்கும் முதுகு இருக்கிறது என்பது தூக்கப்படுகிறவருக்குத் தெரியாது. அலுப்பு என்பது கோபம் இல்லை ஐயா. கோபம் வந்தால் போய்விடும். அலுப்பு, போட்டிருக்கும் சட்டைமாதிரி கூடவே இருக்கும்.

எனக்கு உறுத்தியது வேறு. நான் அறைக்குள் போனால் அவர் இருமுவார். நான் வெளியே வந்தால் என் வீட்டுக்காரியிடம் பேசுவார். செய்தித்தாளில் கட்டம் போட்டிருக்குமே, எழுத்து நிரப்புவது, அதை இரண்டுபேரும் சேர்ந்து நிரப்புவார்கள். நாற்பது வருடம் என்னோடு இருந்தவள் இப்படிச் சிரிப்பாள் என்று எனக்குத் தெரியவே தெரியாது.

ஒருநாள் கடையில் வேலை இல்லை என்று பதினொரு மணிக்கே வீட்டுக்கு வந்தேன். படுக்கையறையில் மெஷின் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. குழாய் தலையணைமேல் கிடந்து காற்றை ஊதிக்கொண்டிருந்தது. ஆள் இல்லை. சமையலறையில் சத்தம். அண்ணன் எழுந்து நின்றுகொண்டிருந்தார். அலமாரிக் கதவைப் பிடித்து இழுத்து இழுத்துப் பார்த்து, குனிந்து, காதை வைத்து, என் குரலில் பேசினார்.

"இரு, இரு. பூட்டினது நானா, இல்ல பூட்டு அதுவா பூட்டிக்கிச்சா? எதுக்கும் இன்னொரு தடவ இழுத்துப் பாத்துட்டு வரேன், நீ பஸ்ஸ நிறுத்தி வை."

"போதும் அத்தான், வயிறு வலிக்குது," என்று அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

என்னைப் பார்த்ததும் அவர் இருமினார். நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். "வந்துட்டியாடா? உன்னப் பத்திதான் பேசிக்கிட்டிருந்தோம்."

"குழாய் எங்க அண்ணே?" என்றேன்.

"பத்து நிமிஷம் கழட்டலாம்னு டாக்டரே சொல்லியிருக்கார்ங்க," என்றாள் அவள்.

"பத்து நிமிஷம்னு யாரு கடிகாரம் பாத்தது?"

"ஏன்டா, அதுக்கும் ஒரு மீட்டர் மாட்டிவிடேன்," என்றார் அண்ணன். அவள் மறுபடி சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் தப்பாகிவிடும்.

அன்றைக்குத்தான் கேள்வி வந்தது. நிற்கிறார், நடிக்கிறார், ஒருத்தியைத் தரையில் உட்காரவைக்கிற அளவுக்குச் சிரிக்கவைக்கிறார். அப்படியென்றால் இந்த மெஷின் நிஜமாகவே வேண்டுமா? இல்லை, மூன்றரை வருடமாக என் முதுகு சும்மாதான் வளைகிறதா? டாக்டரைக் கேட்டால் டாக்டர் ஒரு எண்ணைச் சொல்வார். கடையில் ஒரு பெட்டிமேல் சந்தேகம் வந்தால் நாங்கள் யாரையும் கேட்பதில்லை. பல்பு, மோட்டார் என்று சுமை ஏற்றிப் பார்ப்போம். சுமை ஏற்றினால் எது நிஜம், எது வேஷம் என்று தன்னால் தெரியும். அதையும் ஒருமுறை பார்த்து நான் முடிவு சொல்வதில்லை. மூன்று முறை பார்ப்பேன். முதலாளியைக் கேளுங்கள், சொல்வார்.

எங்கள் கடைக்கு வியாழக்கிழமை விடுமுறை. புதன்கிழமையே ஸ்கோப்பை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். பேட்டரி சரியில்லை, பார்க்க வேண்டும் என்று அவளிடம் சொன்னேன். வியாழன் காலை நடையில் உட்கார்ந்து இன்வெர்ட்டரைத் திறந்தேன். உள்ளே இரண்டு சின்னத் திருகுகள் வைத்திருந்தேன். ஒன்று உயரத்துக்கு, ஒன்று அகலத்துக்கு. அகலத்தைக் குறைத்தால் உயரமும் சாயும். சாய்ந்ததை மறுபடி ஏற்ற வேண்டும். ஏற்றினால் அகலம் நழுவும். இரண்டையும் மாற்றி மாற்றி, அரிசி அளவு, அரிசியில் பாதி அளவு என்று திருப்ப வேண்டும். உச்சி அதே இடத்தில் நிற்க வேண்டும், உடம்பு மட்டும் இளைக்க வேண்டும். எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது. அவசரக்காரனால் முடியாது. கண் மங்கியவனாலும் முடியாது. கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறார்களே, அவர்களில் ஒருவரை உட்காரவைத்து அந்த அலையை வரவைக்கச் சொல்லுங்கள் பார்ப்போம்.

ஒரு மணிக்குக் கரண்ட் போனது. இன்வெர்ட்டர் எடுத்துக்கொண்டது. மெஷினில் விளக்குகள் எரிந்தன. விளக்குக்கு உச்சி போதும். உடம்பு மோட்டாருக்குத்தான் வேண்டும். மோட்டார் சுற்றியது, ஆனால் தொண்டை அடைத்த மாதிரி. ஐந்து நிமிடத்தில் அண்ணனின் குரல் வந்தது.

"தம்பி, கரண்ட் வருதாடா?"

அவள்தான் சொன்னாள். "வருது அத்தான். விளக்கெல்லாம் எரியுது. இருநூத்து முப்பது காட்டுது."

"அப்ப சரி."

நான் எழுந்துபோய் வாசலில் நின்று பார்த்தேன். உதடு நிறம் மாறியிருந்தது. கைகளைப் படுக்கையில் ஊன்றித் தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்கினார். அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்து அகலத்தைப் பழையபடி வைத்தேன். கால் மணி நேரத்தில் சரியாகிவிட்டார். காப்பி கேட்டார்.

அத்தோடு விட்டிருக்கலாமே என்று முகத்தில் போட்டுக் காட்டுகிறீர்கள். நான் அப்படி யோசிக்கவில்லை. மோட்டாரின் சத்தம் மாறியது அவருக்குக் கேட்டிருக்கும். கெட்டிக்காரர். சத்தம் மாறியதைக் கேட்டுப் பயந்திருக்கலாம், பயத்தில் மூச்சு வாங்கியிருக்கலாம். இல்லை, நான் வாசலில் நிற்பதைப் பார்த்துச் செய்திருக்கலாம். ஒரு வாரம் இதையே யோசித்தேன். அந்த வாரமும் வழக்கம்போல் அவரைத் தூக்கினேன், குளிப்பாட்டினேன், வடிகட்டி கழுவினேன். ஒன்றிலும் குறை வைக்கவில்லை.

இரண்டாம் வியாழன் வானொலியைச் சத்தமாக வைக்கச் சொன்னேன். சத்தத்தில் மோட்டார் கேட்காது. நான் வாசலுக்கும் போகவில்லை. முன்பைவிட இன்னும் கொஞ்சம் ஒல்லியாக்கினேன். அரைமணி நேரம். அவள் பக்கத்துத் தெரு டாக்டரைக் கூட்டிக்கொண்டு ஓடிவந்தாள். டாக்டர் வந்து சேர்ந்தபோதும் கரண்ட் வந்திருக்கவில்லை. அவர் மெஷினைப் பார்த்தார், விளக்கு எரிந்தது. மீட்டரைக் குனிந்து பார்த்தார்.

"கரண்ட் பிரச்சனை இல்லம்மா. நுரையீரல்தான் கையவிடுது. காத்தோட அளவக் கூட்டி வைக்கிறேன்," என்றார்.

அவர் கூட்டி வைத்தார். நான் நடைக்கு வந்து அகலத்தைச் சரியாக வைத்தேன். உடனே அண்ணனுக்கு முகம் தெளிந்தது. தான் கூட்டி வைத்ததால்தான் தெளிந்தது என்று டாக்டர் நினைத்துக்கொண்டார். படித்தவர்.

அன்று சாயங்காலம் அவள் என்னிடம் வந்து உட்கார்ந்தாள். "ஏங்க, மெஷின ஒருதடவ நீங்களே நல்லாப் பாத்துடுங்களேன். நீங்க பாத்தா எனக்குத் தைரியமா இருக்கும்," என்றாள். பார்க்கிறேன் என்றேன்.

மூன்றாம் வியாழன். இதற்குமேல் இளைத்தால் மோட்டார் நின்றுவிடும் என்கிற இடத்தில் கொண்டுபோய் வைத்தேன். ஒரு மணிக்கு ஸ்கோப்புக்கு முன்னால் உட்கார்ந்தேன். கடையில் சோதனை நடக்கும்போது நான் திரையைத்தான் பார்ப்பேன், எரிகிற பல்பைப் பார்க்கமாட்டேன். அன்றைக்கும் அப்படித்தான். அலை அசையாமல் நின்றது. அவ்வளவு ஒல்லியான அலையை மோட்டார் சுமையில் அசையாமல் நிறுத்துவது பெரிய காரியம். அவள் இரண்டு முறை கூப்பிட்டாள். மூன்றாம் முறை கூப்பிட்டபோது கத்தினாள். பேட்டரி பார்க்கிறேன், கையை எடுக்க முடியாது என்றேன். இரண்டு மணி பத்து நிமிடத்துக்குப் பிறகு அறையிலிருந்து சத்தம் இல்லை. மூன்று மணிக்குக் கரண்ட் வந்தது. மெஷின் முழு மூச்சாக ஓடியது, அதை நிறுத்த ஒருவருக்கும் தோன்றவில்லை.

திருகுகளை நான் பழையபடி திருப்பவில்லை. ஏன் என்று கேட்கலாம். பயமில்லாததால்தான். யார் அதைத் திறந்து பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். அது ஒன்றுதான் என் தப்பு. ஒரு மாதம் கழித்து, எதிர்வீட்டுப் பெண்ணின் அப்பாவுக்கும் இதே நோய் என்று, என்னைக் கேட்காமலே என் வீட்டுக்காரி மெஷினையும் இன்வெர்ட்டரையும் தூக்கிக் கொடுத்துவிட்டாள். அவர்கள் எதற்கும் ஒருமுறை பார்த்து வாங்கிக்கொள்வோம் என்று எங்கள் கடைக்கே கொண்டுவந்தார்கள். நான் இல்லாத நேரம். முதலாளியின் மகள் ஸ்கோப்பை மாட்டியிருக்கிறாள். அவள் கல்லூரியில் படித்தவள், ஆனாலும் வேலை தெரிந்தவள். பார்த்ததும் மற்றவர்களை எல்லாம் கூப்பிட்டுத் திரையைக் காட்டியிருக்கிறாள்.

நான் போனபோது எல்லோரும் ஸ்கோப்பைச் சுற்றி நின்றார்கள். முதலாளியின் மகள் என் தோளில் கைவைத்தாள்.

"பெரியவரே, மனச விட்டுடாதீங்க. வயசாச்சுன்னா கண்ணு ஏமாத்தத்தான் செய்யும். இந்த விஷயத்த உங்க வீட்டம்மாகிட்ட நாங்க சொல்லமாட்டோம்."

"கண்ணு நல்லாத்தான் இருக்கு," என்றேன்.

"பின்ன, வேணும்னேவா யாராவது இப்படி வைப்பாங்க?"

முதலாளி என் முகத்தைப் பார்க்காமல், நாளையிலிருந்து வீட்டில் ஓய்வெடுங்கள் என்றார். எதிர்வீட்டுக்காரர்கள் விடவில்லை, உங்களிடம் வந்து சொன்னார்கள். நீங்கள் கேட்டதால் கடையில் அந்தத் தாளை எழுதிக் கொடுத்தார்கள். முப்பத்தோரு வருடம் ஐயா. கை நடுங்குகிற கிழவன், தெரியாமல் அண்ணனைக் கொன்றுவிட்டான், பாவம். அப்படித்தான் தெரு முழுக்கப் பேசுகிறார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

சுவிட்சை அணைத்திருக்கலாமே என்கிறீர்கள். சுவிட்சை அணைத்தால் மெஷின் கத்தியிருக்கும். அதோடு, சுவிட்சை அணைப்பது கொலை. நான் சோதனைதான் செய்தேன்.

அவருக்கு மெஷின் நிஜமாகவே தேவை என்று எப்போது தெரிந்தது என்று கேட்டீர்கள். இதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். முதல் வியாழக்கிழமை, வாசலில் நின்றபோதே தெரிந்தது. உதடு அந்த நிறத்துக்கு மாறுவதை யாராலும் நடிக்க முடியாது. அது எனக்கும் தெரியும். மற்ற இரண்டு வியாழனையும் தெரிந்தேதான் வைத்தேன். தெரியாமல் நடந்தது எதுவும் இல்லை என்று எழுதுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன். என் வீட்டுக்காரியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் நம்பமாட்டாள்.

கடைசியாக என்ன பேசினார் என்று கேட்கிறீர்கள். எழுதுவதானால் எழுதுங்கள், அதில் ஒன்றும் இல்லை. இரண்டு மணி இருக்கும். அவள் அழுதுகொண்டே, மெஷினிலோ இன்வெர்ட்டர் பெட்டியிலோ ஏதோ கோளாறு அத்தான், மாற்றச் சொல்கிறேன் என்று எழுந்தாள். அவர் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தார் போலிருக்கிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "அத ஒண்ணும் செய்யாதே. தம்பி பாத்து வச்சது. தப்பா இருக்காது."

நடைக்கும் அந்த அறைக்கும் நடுவில் கதவு கிடையாது. நான் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன் என்று அவனுக்குத் தெரியும். எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் அதைச் சொன்னான்.